வீட்டு முற்றமும் ஊர்க் கிணறும்

வீடு கட்டி முடிந்ததும் சுற்றிலும் எஞ்சி நிற்கும் மண்ணை மூடிவிட வேண்டும் என்ற எண்ணம் அண்மைக் காலத்தில் நம் மக்களிடையே வேரூன்றி வருவதைக் காண்கிறோம். வாயில் முதல் கொல்லை வரை சிமெண்டுத் தளம். தளம் இல்லாத இடத்தில் பேவர் பிளாக் கற்கள். வசதி சற்று மிகுந்தவர் வீட்டில் கம்பளம் விரித்தாற்போல் வெளிநாட்டுப் புல். மண் கண்ணில் பட்டால் அது வறுமையின் அடையாளம் என்று கருதும் மனப்பான்மை நகரத்தில் தோன்றி, இன்று சிற்றூர்களிலும் பரவிவிட்டது. நெசவாளரும் விவசாயிகளுமாகிய நம் அங்கத்தினர்கள் புது வீடு கட்டும்போதும் இதே வழியைப் பின்பற்றுகின்றனர். அவரவர் மனை, அவரவர் விருப்பம் என்று இதை விட்டுவிடலாகாதா என்று சிலர் கேட்கலாம். விட்டுவிட முடியாது என்பதே நமது கருத்து. முற்றம் ஒருவருக்குச் சொந்தமாயினும் அதில் விழும் மழை ஊருக்குச் சொந்தம். இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

மழைக் கணக்கு

நம் மாவட்டம் மழை குறைந்த மாவட்டம். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டி வடகிழக்குப் பருவக்காற்று கொண்டு வருவதாகும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஒரு சென்ட் நிலம் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். ஆகவே 650 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஆண்டில் ஒரு சென்ட் மனையில் 26,000 லிட்டர் நீர் விழுகிறது. ஐந்து சென்ட் மனையுள்ளவருக்கு வானம் ஆண்டுதோறும் அளந்து கொடுப்பது 1,30,000 லிட்டர். குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்று கொண்டால் இது 8,600 குடங்களுக்கும் மேலாகும்.

இச்செல்வத்தைத் தளம் போட்ட முற்றம் என்ன செய்கிறது? தெருவுக்குத் தள்ளுகிறது. தெரு சாக்கடைக்குத் தள்ளுகிறது. தூத்துக்குடி நகரமானால் பக்கிள் ஓடை அதைக் கழிவோடு கலந்து கடலில் சேர்க்கிறது. பங்குனி, சித்திரை பிறந்ததும் அதே வீட்டார் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கின்றனர். தூத்துக்குடி நகரம் குடிக்கும் நீர் வல்லநாட்டுப் பகுதியில் தாமிரபரணியிலிருந்து எடுத்துக் குழாய் வழியே கொண்டுவரப்படுவது. அந்த ஆற்றையே நம்பி ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் கீழ் நெல்லும் வாழையும் வெற்றிலையும் பயிரிடுவோர் நம் சங்கத்து அங்கத்தினர்களே. நகரத்தில் ஒரு குடம் மழைநீரைத் தெருவில் விட்டு, அதற்கு ஈடாக ஒரு குடம் ஆற்றுநீரைக் கேட்கும்போது, கேட்பது ஒரு விவசாயியின் வாய்க்காலிலிருந்து என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மழை குறைந்த ஊருக்கு வெள்ளம் வராது என்று எண்ணியிருந்தவர்களுக்கு 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகள் பாடம் புகட்டின. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஓராண்டில் பெய்ய வேண்டியதைக் காட்டிலும் மிகுதியாக ஒரே நாளில் பெய்தது. ஒரு சென்ட் நிலத்தின்மேல் அன்று விழுந்தது 38,000 லிட்டர். அத்தகைய பேய்மழையை எந்த முற்றமும் முழுவதுமாகக் குடித்துவிட முடியாது. உண்மையை மறைத்து நமது வாதத்தை வளர்க்க நாம் விரும்பவில்லை. ஆனால் 50 மில்லிமீட்டர் பெய்யும் சாதாரண மழைக்கே தெருக்கள் குளமாகின்றனவே, அதற்கு விடை வேண்டும். மண் திறந்திருந்தால் அம்மழையில் பெரும்பகுதி விழுந்த இடத்திலேயே இறங்கியிருக்கும்.

அந்த வெள்ளத்துக்குப் பின் புதிதாகக் கட்டுவோர் மனையைத் தெருவைக் காட்டிலும் இரண்டடி, மூன்றடி உயர்த்திக் கொள்கின்றனர். தெருவும் ஒவ்வொரு முறை செப்பனிடும்போதும் உயர்கிறது. உயர்ந்த மனையின் நீர் பக்கத்திலுள்ள பழைய வீட்டில் புகுகிறது. அப்பழைய வீடு பெரும்பாலும் ஏழை நெசவாளியின் வீடு. குழித்தறியின் குழியில் ஒரு முழம் நீர் நின்றால் தறி நிற்கும்; தறி நின்றால் அடுப்பு நிற்கும். ஒருவர் உயர மற்றவர் தாழ்வது கூட்டுறவுக்கு அழகாகுமா?

உப்பும் நன்னீரும்

கடற்கரை ஊர்களில் இன்னொரு பெருந்தொல்லை கிணற்று நீர் உவர்த்துப் போதல். இதன் காரணத்தை அங்கத்தினர்கள் தெளிவாக உணர்வது நலம். கடல்நீர் நன்னீரைவிடச் சற்றுக் கனமானது. ஆதலால் கரையோர மணலுக்கடியில் கனமான உவர்நீர் கீழே கிடக்க, மழையால் ஊறிய நன்னீர் அதன்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலார் கண்ட கணக்கு. இதை மறுபுறம் திருப்பிப் பார்த்தால் அபாயம் விளங்கும். மேல்மட்டம் ஓரடி இறங்கினால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலேறி வருகிறது. ஆழ்குழாய் போட்டு இறைத்துக்கொண்டே, மேலிருந்து மழைநீர் இறங்கும் வழியையும் சிமெண்டால் அடைத்தால், உப்பை நாமே அழைத்து உள்ளே வைக்கிறோம். தெருவில் பத்து வீடுகள் அடைத்தால், அடைக்காத பதினோராவது வீட்டுக் கிணறும் உவர்க்கும். நீருக்கு மனை எல்லை தெரியாது.

கடல் கடந்த யாழ்ப்பாணத்திலும் இதே நிலை. அங்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் மழைநீர் தேங்கி நிற்பதைக் கிணறுகளில் இறைத்தே மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தும் பயிரிட்டும் வாழ்ந்தனர். பனையோலை வேலியும் கிடுகு வேலியும் கிளுவை வேலியும் சூழ்ந்த அந்த மண்முற்றங்கள் மழையை மறிக்காமல் கீழே அனுப்பின. அழகும் பயனும் ஒன்றாயிருந்தன.

அரசாங்கம் இதை அறியாமலில்லை. 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயமாக்கியது. அன்று ஆர்வத்தோடு அமைத்த குழிகளில் எத்தனை இன்று வேலை செய்கின்றன என்று ஒவ்வொருவரும் தம் வீட்டில் சென்று பார்த்துக்கொள்வார்களாக. குழி இருக்கும், அதில் மண் மூடியிருக்கும். சட்டம் குழி தோண்டச் சொல்லலாம். ஆண்டுதோறும் தூர் எடுக்க வேண்டியது வீட்டுக்குடையவரின் கை.

மண்ணறிந்து செய்தல்

நம் மாவட்டத்தில் மண் ஒரு வகையன்று. ஆகவே ஒரே முறையை எல்லா ஊருக்கும் கூறுவது பிழையாகும்.

கடலோர மணலில் நீர் எளிதில் இறங்கும். ஆனால் அடியில் உவர்நீர் அருகிலேயே இருப்பதால் ஆழமான குழி வேண்டாம். ஆழக் குழியில் விட்ட நல்ல நீர் உவரோடு கலந்து வீணாகும். முற்றம் முழுவதும் பரவலாக, மேலாக இறங்க விடுவதே சிறந்தது. சாத்தான்குளம், உடன்குடி பக்கத்துச் செம்மணல் தேரியும் நீரை விரைந்து விழுங்கும். அங்கு வேண்டுவது மண்ணை மூடாதிருத்தலும், காற்றில் மணல் பறக்காதபடி செடிகொடிகளால் போர்த்தலுமே.

எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலின் இயல்பு வேறு. முதல் மழையில் வெடிப்புகள் வழியே நீர் இறங்கும். பின்னர் மண் உப்பி, வாய் மூடிக்கொள்ளும். அங்கு வீட்டு ஓரமாக இரண்டடி ஆழ வாய்க்கால் வெட்டிச் சரளையும் மணலும் நிரப்பி, கூரை நீரை அதில் விடுதல் நலம். அஸ்திவாரத்தை ஒட்டி நீர் நிற்க விடலாகாது; கரிசல் உப்பினால் சுவர் வெடிக்கும். நீர் வாசலைவிட்டு விலகி ஓடி, கொல்லையில் இறங்குமாறு சரிவு அமைத்துக்கொள்ள வேண்டும்.

எதை வளர்ப்பது?

புல்தரை பற்றி முதலில் கூறிவிடுவோம். கோடையில் புல் பசுமையாக நிற்க நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் நீர் வேண்டும். ஒரு சென்ட் புல்லுக்கு நாள்தோறும் 200 லிட்டர். அதாவது 13 குடம். பசு மேயாத, பூஜைக்கு ஒரு பூவும் கறிக்கு ஒரு கீரையும் தராத அலங்காரத்துக்கு இச்செலவு தகுமா? செல்வம் கொழிக்கும் அமெரிக்க நாட்டிலேயே, பாலைவனத்தில் அமைந்த லாஸ் வேகாஸ் நகரத்தின் நீர் வாரியம் 1999 முதல் புல்தரையை அகற்றும் வீட்டாருக்குப் பணம் கொடுத்து வருகிறது. பயனற்ற அலங்காரப் புல்லுக்கு எதிராக நெவாடா மாநிலம் 2021இல் சட்டமே இயற்றியது. அவர்கள் பணம் கொடுத்து அகற்றுவதை நாம் பணம் கொடுத்து வாங்குவது விந்தையல்லவா?

நம் மண்ணுக்கும் உப்புக்காற்றுக்கும் பழகிய மரங்கள் நம்மிடமே இருக்கின்றன. கடலை ஒட்டிய மனைகளுக்குப் பூவரசும் புன்னையும் ஏற்றவை. பூவரசின் போத்தை மழைக்காலத்தில் நட்டால் போதும். அதுவே வேர்விட்டு எழும். உள்ளூரில் வேம்பும் புங்கும் நிழலுக்கு நிகரற்றவை. கொல்லையில் முருங்கை இல்லாத வீடு நம் பகுதியில் இருக்கலாகாது. பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரி அளித்த பி.கே.எம்.1 இரகத்தை விதையிட்டும், யாழ்ப்பாண முருங்கையைப் போத்து நட்டும் வளர்க்கலாம். முருங்கை எளிதில் முறியும் மரமாதலால் வீட்டுச் சுவரைவிட்டுச் சற்று விலக்கி நடவேண்டும். அதன் காலடியில் நீர் தேங்கவும் கூடாது. வேலியோரத்தில் நொச்சி, ஆடாதொடை, மருதாணி, ஆவாரை ஆகியவை நிற்கலாம். இவற்றுக்கு வேர்பிடித்தபின் கோடையிலும் பெரிதாக நீர் வேண்டுவதில்லை. ஆடும் தின்னாத ஆடாதொடை வீட்டுக்கு மருந்தாகவும் உதவும்.

இடம் உள்ளவர் எல்லையில் இரண்டு பனங்கொட்டை ஊன்றுவாராக. பனை நமது மாநில மரம். 2021ஆம் ஆண்டு முதல் மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று அரசாங்கம் விதித்திருக்கிறது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பெயர் கிடைத்தது மகிழ்ச்சியே. பெயருக்குரிய மரம் குறைந்துகொண்டே போனால் அப்பெயரால் யாது பயன்? மனையோரத்தில் தானே முளைக்கும் சீமைக் கருவேலத்தையோ சிறு கன்றிலேயே வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.

நெசவாளர் குடும்பங்களுக்கு நிழலின் அருமையைக் கூற வேண்டியதில்லை. பாவு நீட்டிக் கஞ்சி போடும் வேலை மரநிழல் உள்ள பாவடியில் நடப்பதற்கும் கொதிக்கும் சிமெண்டுத் தெருவில் நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காலும் அறியும், நூலும் அறியும். காற்று வறண்டால் இழை அறும். தறிக்கூடத்தைச் சுற்றி மண்ணும் மரமும் இருந்தால் கூடத்தில் ஈரப்பதம் நிற்கும்; தளம் போட்டால் பகலில் வாங்கிய வெப்பத்தை அது இரவெல்லாம் உமிழும்.

வீட்டு நீரும் வீட்டுக் குப்பையும்

ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு 30 லிட்டர் குளிக்கச் செலவானால், நாளொன்றுக்கு 150 லிட்டர் நீர் கொல்லைக்கு வருகிறது. ஐந்தாறு வாழைகளுக்கும் ஒரு வரிசைக் கல்வாழைக்கும் இது போதுமானது. சோப்புத் தூளில் சோடிய உப்பு உண்டு; உவர் மண்ணில் அது மேலும் தீங்கு செய்யும். ஆகவே துணி துவைத்த நீரை ஒரே இடத்தில் நாள்தோறும் விடாமல் இடம் மாற்றி விடவும். பச்சையாக உண்ணும் கீரைப் பாத்திக்கு அதைக் காட்ட வேண்டாம். அரிசி களைந்த நீர் அப்பாத்திக்குப் போதும்.

சாயம் தோய்க்கும் அங்கத்தினர்களுக்குத் தனியாக ஒரு சொல். சாயக் கழிவுநீரை ஒரு குடமேனும் முற்றத்து மண்ணில் ஊற்றலாகாது. சாயம் பிடிக்கச் சேர்க்கும் உப்பு மண்ணைப் பாழாக்கும். அது இறங்கிச் சேரும் இடம் அக்கம்பக்கத்தார் குடிக்கும் கிணறு. தனித்தனியே தோய்ப்பதை விடுத்துச் சங்கத்தின் பொதுச் சாயச்சாலையில் தோய்ப்பதே முறை.

உதிர்ந்த இலையைக் கூட்டித் தீயிடும் வழக்கம் ஒழிய வேண்டும். கொல்லையில் மூன்றடிக் குழி வெட்டி இலை, காய்கறித் தோல், சாம்பல், சாணம் ஆகியவற்றை அடுக்கி, மேலே மண் தூவி, ஈரம் காத்தால் சில மாதங்களில் நல்ல எரு கிடைக்கும். தேங்காய் மட்டைகளைத் தென்னையைச் சுற்றி வட்டமாகக் குழியில் உள்பக்கம் மேல்நோக்கிப் புதைத்தால், மழைநீரைப் பிடித்து வைத்து வேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும். எரிக்கப்படுவது குப்பையன்று, அடுத்த ஆண்டின் உரம்.

சில ஆட்சேபங்கள்

மண் முற்றம் இருந்தால் கொசு பெருகும் என்பர். டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுவது மண்ணில் இறங்கிவிடும் நீரிலன்று. தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் மூடாத தொட்டியிலும் தேங்கி நிற்கும் தெளிந்த நீரில். பாம்பு வரும் என்பர். பாம்பு தேடுவது எலியை; எலி தேடுவது செங்கல் குவியலையும் விறகு அடுக்கையும். அவற்றைச் சுவரோரத்திலிருந்து அகற்றினால் பயமில்லை. மரவேர் சுவரைப் பிளக்கும் என்பர். ஆலும் அரசும் பிளக்கும். அவை வீட்டு மரங்களல்ல. மற்ற பெரிய மரங்களைப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நட்டால் வீட்டுக்கு அபாயமில்லை.

இவற்றைக் காட்டிலும் வலுவான ஆட்சேபம் ஒன்றுண்டு. முதியவர்கள் வழுக்காமல் நடக்கவும், நெல் காயப்போடவும், வண்டி நிறுத்தவும் கெட்டியான தரை வேண்டுமே என்பது. இது நியாயம். ஆகவே தளமே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நடைபாதைக்கும் வண்டிக்கும் வேண்டிய அளவு தளம் போடுக. கட்டடம் போக எஞ்சிய மனையில் பாதியையேனும் திறந்து விடுக. மதில் எழுப்புவோர் அடியில் நீர் வெளியேற வழி விடுக. இதைவிடச் சிறிய வேண்டுகோளை நம்மால் விடுக்க இயலவில்லை.

சங்கத்தின் கடமை

தனி மனிதர் ஒருவர் தம் முற்றத்தைத் திறந்து வைத்தால் அவர் வீட்டுக்கு நிழல் கிடைக்கும். ஊர்க் கிணறு நன்னீராக வேண்டுமானால் ஊரே சேர வேண்டும். எங்கே பலர் சேர்ந்தால் மட்டுமே பயன் விளையுமோ, அங்கேதான் கூட்டுறவுக்கு வேலை இருக்கிறது. நம் சங்கங்களின் பொதுச்சபை ஆலோசிப்பதற்காக நான்கு யோசனைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, சங்கக் கட்டடத்தின் முற்றமும் கிடங்கின் முற்றமும் முன்மாதிரியாகட்டும். தன் வாசலில் சிமெண்டு போட்ட சங்கம் அங்கத்தினருக்கு உபதேசம் செய்யலாகாது. இரண்டாவது, ஒவ்வொரு சங்கமும் சிறு நாற்றங்கால் ஒன்றை நடத்தி, பூவரசு, புங்கு, முருங்கை, நொச்சிக் கன்றுகளை அடக்க விலைக்கு அளிக்கட்டும். மூன்றாவது, புரட்டாசியில் ஒரு நாளைக் குறித்து, அங்கத்தினர் அனைவரும் தத்தம் வீட்டு மழைநீர்க் குழியைத் தூர் எடுக்கட்டும். கைம்பெண்கள், முதியோர் வீடுகளில் இளைஞர்கள் சென்று செய்து கொடுக்கட்டும். நான்காவது, வீடு கட்டக் கடன் வழங்கும் சங்கங்கள் வரைபடத்தில் திறந்த மண் எவ்வளவு என்று ஒரு வரி கேட்கட்டும். சுவரின் கனத்தைக் கேட்கும் சங்கம் மண்ணின் அளவைக் கேட்பதில் தவறில்லை.

நம் கடற்கரை ஒரு பேரிழப்பைக் கண்ட கரை. உலகெங்கும் பெயர் பெற்ற முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடிக் கடலில் நின்றது. 1973இல் இங்குள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியில் செயற்கை முறையில் முத்து விளைவித்துப் புகழ் பெற்றனர். ஆயினும் பார்களில் பழைய முத்துக்குளிப்பு திரும்பவில்லை. கரையை அடுத்த விலங்குசல்லித் தீவு கடலுள் மறைந்தது. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு காரணம். ஒவ்வொருவரும் எடுத்தது சிறிதே. சேர்ந்தபோது ஒரு தீவு போயிற்று. நன்னீரும் அத்தகையதே. ஒவ்வொரு வீட்டாரும் அடைப்பது இரண்டு சென்ட் மண்தான். ஆனால் ஒருமுறை உவர்த்த கிணற்றை இனிக்கச் செய்யப் பல மழைக்காலங்கள் வேண்டும்.

2025ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகக் கூட்டுறவு ஆண்டாகக் கொண்டாடியது. மேடைகளில் பேச்சுகள் நிகழ்ந்தன, மாலைகள் சூட்டப்பட்டன. பேசியதைச் செய்து காட்ட நமக்கு அருகிலுள்ள இடம் நம் வீட்டு வாசலே. வரும் ஐப்பசிக்குள் ஒவ்வொரு அங்கத்தினரும் தம் மனையில் ஒரு மூலைத் தளத்தையேனும் பெயர்த்து, அங்கே ஒரு பூவரசம்போத்தை நடுவாராயின், அடுத்த தலைமுறை அதன் நிழலிலும் கிணற்று நீரிலும் அப்பயனை அனுபவிக்கும். அங்கத்தினர்கள் ஆவன செய்வார்களென நம்புகிறோம்.